துரைக்கு ஒரு பெயர், மாரியம்மனுக்கு ஒரு பெயர்

நாய்க்குக் கட்டும் வில்லையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேடையேறிப் பேசியவன் நான். இதை மற்றவர்கள் சொல்லிச் சிரிப்பதைவிட நானே சொல்லிவிடுவது மேல். ஹட்டனில் இதை அறியாதவர்கள் மிகக் குறைவு என்பதால், இப்படி ஒப்புக்கொள்வதில் என் நேர்மைக்குப் பெரிய பங்கும் இல்லை. நம் முன்னோர்களை மண்டபம் முகாமிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு ஏற்றி அனுப்பியபோது, எந்தத் தோட்டத்துக்குப் போகவேண்டிய ஆள் என்று வழியில் உள்ளவர்கள் தெரிந்துகொள்ள, எண் பொறித்த தகர வில்லையொன்றைக் கழுத்தில் கட்டிவிடுவார்கள். புத்தகங்களில் அதைப்பற்றி நிறையப் படித்திருந்தேன், கண்ணால் கண்டதில்லை. தலவாக்கலையில் பழைய இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர், அப்படியொன்று தன்னிடம் வந்திருப்பதாகச் சொன்னார். வட்டமாக இருந்தது. துரு ஏறியிருந்தது. எண்ணும் இருந்தது. என் ஆராய்ச்சி அதோடு முடிந்தது. ஒரு நூல் வெளியீட்டுக் கூட்டத்தில் அதைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு குரல் தழுதழுக்கப் பேசினேன். முன்வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். பத்திரிகையில் படம் வந்தது. அதற்கடுத்த நாள் பஸ் நிலையத்தில், நகரசபையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் என்னை நிறுத்தினார். "சேர், படம் பாத்தேன். அது நாய்க்கு லைசன் எடுத்தா குடுக்குற வில்லைங்க. நானே எத்தனை நாய்க்குக் கட்டிவிட்டிருக்கேன்" என்றார். அவர் குரலில் பழைய நண்பனைக் கண்ட கனிவு இருந்தது. நண்பன் நானல்ல, வில்லை.

இந்தச் செய்தி மலையேறி எங்கள் அத்தையின் காதுக்குப் போய்ச் சேர அதிக நேரம் எடுக்கவில்லை. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. டிக்கோயாவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே ஓய்வுபெற்று, வரிசை வீடுகளான லயங்களில் கீழ் லயத்தின் கடைசிக் காம்பிராவில், ஒற்றை அறையில், தனியாக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை நான் போய் வாசலில் நின்றதும், "வா மருமகனே, கட்டிப்போடாமயா விட்டுருக்காங்க?" என்றுதான் வரவேற்றார். பக்கத்துக் காம்பிராக்காரர்களுக்கும் கேட்கும்படி சிரித்தார். தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்த பிறகும் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பே இல்லாத குரலில் கேட்டார்: "ஏண்டா, வெள்ளக்காரன் காலத்துல ஒரு நாய்க்கே சொந்தமா நம்பரு இருந்திருக்கு. எனக்கு ஒண்ணு எடுத்துக் குடேன்."

அத்தையிடம் அடையாள அட்டை இல்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நான் பள்ளிக்கூடத்து உப அதிபர். அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அடையாள அட்டை விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவன். போதாததற்கு, ஊராரின் கடதாசிகளை உறுதிப்படுத்தி ஒப்பமிடும் சமாதான நீதவான் வேறு. ரப்பர் முத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கலியாண வீட்டுக்குக்கூடப் போகிறவன். ஆனால் வேலை செய்த காலமெல்லாம் அட்டை இல்லாமலே அத்தையின் வாழ்க்கை நடந்துவிட்டது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனால் பெயர் கூப்பிடுவார்கள், "ஆமாங்க" என்றால் போதும். தோட்டத்தை விட்டு அவர் போன தூரம் ஹட்டன் சந்தை. சண்டைக் காலத்துச் சோதனைச் சாவடிகளுக்குப் பயந்து அதையும் குறைத்துக்கொண்டார். ஓய்வுபெற்ற பிறகுதான் சிக்கல் வந்தது. ஊழியர் சேமலாப நிதியில் அவர் பெயரில் இருந்த காசை எடுக்க அட்டை வேண்டும். அது இல்லாமல் அந்தக் காசு அப்படியே கிடந்தது.

"இது ஒரு வேலையா அத்தை? ஒரு மாசத்துல எடுத்துரலாம்" என்றேன்.

"எடுத்துரு. ஆனா எங்கப்பா பேரு சரியா இருக்கணும்" என்றார் அத்தை. தொல்லை அங்கே தொடங்கியது.

அத்தையின் அப்பாவுக்கு, அதாவது என் தாத்தாவுக்கு, இரண்டு பெயர்கள். பிறந்தபோது வைத்தது சின்னமுத்து. இளவயதில் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டமொன்றில் கங்காணியோடு கைகலந்துவிட்டு, உடுத்திய துணியோடு ஓடிவந்தவர் அவர். அந்தக் காலத்தில் ஒரு தோட்டத்தை விட்டு விலகுகிறவன் கையில் பத்துச்சீட்டு இருக்க வேண்டும். இன்னார், இன்ன வயது, முறைப்படி விடுவிக்கப்பட்டார் என்று தோட்டத்தை நடத்தும் துரை கையெழுத்துப் போட்ட கடதாசி அது. அது இல்லாதவனை வேறெந்தத் தோட்டத்திலும் சேர்க்கமாட்டார்கள். மலையில் மனிதனுக்குக் கடதாசி சாட்சியாக இருக்கவில்லை, கடதாசிக்கு மனிதன் சாட்சியாக இருந்தான். சீட்டில்லாமல் தோட்டம் தோட்டமாக அலைந்து பட்டினி கிடந்த தாத்தா, பாதையோரத்தில் ஒரு மனிதரைச் சந்தித்தார். அவர் இந்தத் தேயிலையே வேண்டாம் என்று இந்தியாவில் உள்ள தன் ஊருக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தவர். இருவரும் ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்களாம். புறப்படும்போது அந்த மனிதர் மடியிலிருந்த பத்துச்சீட்டை எடுத்துத் தாத்தாவின் கையில் வைத்து, "எனக்கு இனிமே இது எதுக்கு? பேரு கருப்பையா. மறந்துறாத" என்று சொல்லிவிட்டுப் போனார். எந்த ஊர்க்காரர், வீடு போய்ச் சேர்ந்தாரா, வழியில் யாராவது சீட்டுக் கேட்டு மறித்தார்களா என்று ஒன்றும் தெரியாது.

அன்றிலிருந்து தாத்தா கருப்பையா. சீட்டிலிருந்த கருப்பையா தாத்தாவைவிட மூத்தவர் என்பதால், தாத்தாவும் ஒரே பகலில் மூத்துப்போனார். உடம்பில் தெம்பிருக்கும்போதே வயது முடிந்துவிட்டது என்று தோட்டத்தில் நிறுத்திவிட்டார்கள். "மகராசன், கொஞ்சம் பிந்திப் பொறந்திருக்கப்படாதா" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. பெரட்டிலும் கருப்பையா, சம்பளப் பதிவேடான செக்ரோலிலும் கருப்பையா. லயத்தில் உள்ளவர்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு அவர் அப்பா. வீட்டுக்காரியோ புருஷன் பெயரை வாயால் சொல்லாத காலத்தவள். ஆக, சின்னமுத்து என்ற பெயரைச் சொல்லிக் கூப்பிட இந்த உலகத்தில் ஆளே இல்லாமல் போயிற்று. ஒரேயோர் இடத்தில் மட்டும் அது உயிரோடு இருந்தது. மாரியம்மன் திருவிழாவில், கோயிலில் காம்பிரா வரிசைப்படி அர்ச்சனை செய்யும்போது, தாத்தா பூசாரியின் காதில் தன் சொந்தப் பெயரைத்தான் சொல்வார்; மேளச் சத்தத்தில் பூசாரி அதைச் சொல்வது ஆத்தாளைத் தவிர யாருக்கும் கேட்காது. "தொரைய ஏமாத்தலாம். ஆத்தாள ஏமாத்தப்படாது."

சாகும் தறுவாயில் அவர் அத்தையைக் கூப்பிட்டு, "கருப்பையா பேரு இரவல் தாயி. திருப்பிக் குடுத்துருங்க" என்றார். பெயரை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று எங்கள் வீட்டு ஆண்கள் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. என் அப்பா கருப்பையா மகனாகவே பள்ளிக்கூடம் போனார், கருப்பையா மகனாகவே கலியாணம் முடித்தார், கருப்பையா மகனாகவே போய்ச் சேர்ந்தார். அத்தைக்கு அது உத்தரவு. தாத்தாவின் திதிக்கு அவர் இரண்டு இலை போடுவார். ஒன்று தாத்தாவுக்கு, மற்றது கருப்பையாவுக்கு. "அந்த மனுசன் ஊருல உசுரோட இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று இளவயதுக் குறும்பில் ஒருமுறை கேட்டேன். "இருந்தா இன்னும் நல்லதுதானே. பசிக்கும்ல" என்றார். இப்போது அந்த வீட்டில் மூன்று இலை போடுகிறோம். மூன்றாவது அத்தைக்கு.

எங்கள் பக்கத்தில் பெண்ணின் பெயருக்கு முன்னால் அப்பாவின் பெயரை எழுதுவதுதான் வழக்கம். தோட்டத்து அலுவலகமான கந்தோரில் பெரிய கிளாக்கர் அந்த வழக்கப்படியே விண்ணப்பத்தில் 'கருப்பையா' என்று எழுதி, அதன் பின்னால் அத்தையின் பெயரையும் எழுதினார். நல்ல மனிதர், என்னிடம் படித்தவர். அத்தை மைப்பெட்டியில் பெருவிரலை ஒற்றிவிட்டு, விண்ணப்பத்தில் வைக்குமுன் நிறுத்தினார். "எழுதுனத வாசிங்க."

கிளாக்கர் வாசித்தார். அத்தை விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"எங்கப்பா பேரு சின்னமுத்துங்க."

"அப்பாயி, செக்ரோலில கருப்பையா மகள்னுதான் இருக்கு. சேமலாப நிதியிலயும் அப்பிடித்தான். நான் வேற பேரு எழுதி அட்டை வந்தா, காசு எடுக்கப் போறப்ப இது வேற ஆளுன்னு சொல்லிருவாங்க. அத்தனை வருசத்துக் காசும் போயிரும்."

"போனாப் போகட்டும்."

நான் அவரைக் கந்தோருக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனேன். எனக்குத் தெரிந்த நியாயங்களையெல்லாம் எடுத்துவைத்தேன். கூரைத் தகரம் ஒழுகுகிறது, கண்ணில் சவ்வு விழுந்திருக்கிறது, இந்தக் காசை விட்டால் வேறு வழியில்லை. மழையிலும் அட்டைக்கடியிலும் மலையேறிக் கொழுந்து பறித்தது கருப்பையா அல்ல, நீங்கள்தான் என்றேன். அத்தை பொறுமையாகக் கேட்டார். மாணவர்கள் என் பாடத்தை அவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை.

"முடிச்சிட்டியா? நாந்தாண்டா பறிச்சேன். ஒவ்வொரு நாளும் பெரட்டுல கருப்பையா மகள்னு கூப்புட்டாங்க, ஆமாங்கன்னு சொன்னேன். எதுக்குச் சொன்னேன்? வேலைக்குச் சொன்னேன். எங்கப்பாவும் வேலைக்குத்தான் அந்தப் பேரச் சொன்னாரு. இப்ப எனக்கு வேலை இல்ல. இன்னும் நான் ஏன் ஆமாங்கணும்?"

பதில் இல்லாதபோது படித்தவன் செய்வதைச் செய்தேன். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். சொந்தக்காரனான நான் ஒப்பமிட முடியாது என்பதால் இன்னொரு சமாதான நீதவானைப் பிடித்து, அத்தையின் சார்பில் சத்தியக் கடதாசி ஒன்று தயாரித்தேன். மண்டபம் முகாமில் தொடங்கி, கங்காணி முறையை விளக்கி, பத்துச்சீட்டின் வரலாற்றை அலசி, மேற்கோள்களோடு பக்கம் பக்கமாக அது நீண்டது. தாத்தா வந்து சேர்வதற்கே பாதிக்குமேல் ஆகிவிட்டது. பிரதேச செயலகத்தில் ஓர் உத்தியோகத்தர் அதைப் புரட்டிப் பார்த்தார். "சேர், இது நல்ல கட்டுரை. பத்திரிகைக்கு அனுப்புங்க" என்று திருப்பிக் கொடுத்தார். நான் அனுப்பினேன். பிரசுரமும் ஆயிற்று. அத்தைக்கு அட்டை மட்டும் வரவில்லை.

அத்தை தன் வழியில் இறங்கினார். ஓய்வுபெற்ற பிறகு மூட்டை கட்டி வைத்திருந்த படங்கை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு காலையில் பெரட்டுக்குப் போய் நின்றார். கொழுந்து பறிக்கும் பெண்கள் செடியின் ஈரமும் முள்ளும் படாமலிருக்கக் கட்டிக்கொள்ளும் அந்தத் தடித்த துணியோடு, வேலைக்கு வந்தவர்போலவே வரிசையில் நின்றார். எல்லாருடைய பெயரையும் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவராக மலைக்குப் பிரிந்து போனார்கள். அத்தை மட்டும் காலியான களத்தில் நின்றார். கங்காணி வந்து, "வீட்டுக்குப் போங்க அக்கா, மழ வருது" என்றார். போய்விட்டு, அடுத்த காலையும் வந்து நின்றார். அதற்கடுத்த காலையும். "பைத்தியம்னு சொல்றாங்க அத்தை" என்று நான் போய்ச் சொன்னபோது, "நாய் வில்லைய மாட்டிக்கிட்டுத் திரிஞ்சவன் எனக்குச் சொல்ல வந்துட்டான்" என்று வாயை அடைத்துவிட்டார்.

புதிய துரை இளைஞர், சிங்களவர். தமிழ் நன்றாகவே பேசுவார். ஒருநாள் அவர் கண்ணில் இது பட்டது. வண்டியிலிருந்து இறங்கி வந்து, "யார் இந்த அம்மா? இவங்க பேர் என்ன?" என்று கேட்டார்.

"அதக் கேப்பீங்கன்னுதான் நிக்கிறேனுங்க தொரை" என்றார் அத்தை.

தோட்டத்தில் இருப்பவர்களின் அடையாள அட்டை விண்ணப்பத்துக்குத் துரையின் உறுதிப்பாடு வேண்டும். துரை கந்தோருக்குள் அழைத்து முழுக்கதையையும் கேட்டார். சொந்தப் பெயருக்குக் கடதாசி ஒன்றுமில்லை என்று கிளாக்கர் சொன்னார். துரை சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். அடுத்த மாதம் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு அரசாங்க உத்தியோகத்தர்களின் நடமாடும் சேவை வருகிறது, அப்பாவை அந்தப் பெயரால் அறிந்த ஓர் ஆளைக் கூட்டி வாருங்கள், கிராம சேவகர் ஏற்றுக்கொண்டால் நானும் ஒப்பமிடுகிறேன் என்றார். செக்ரோலில் உள்ளவரும் இவரும் ஒரே ஆள்தான் என்று சேமலாப நிதிக்கு ஒரு கடிதமும் தருவதாகச் சொன்னார். கிராம சேவகர் ஏற்காவிட்டால் கருப்பையாதான், அதன்பின் பெரட்டுக்கு வரக்கூடாது என்றும் சொன்னார். அத்தை தலையாட்டினார்.

அந்தப் பெயரை அறிந்த ஆள் ஒருவர்தான் மிச்சம். கோயிலில் அர்ச்சனை செய்துவந்த பழைய பூசாரி. பல் போய், கோயிலை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, மேல் லயத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். நடமாடும் சேவையன்று அவரை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். பள்ளிக்கூட மண்டபம் நிறையச் சனம். மேசைக்குப் பின்னால் கிராம சேவகர், பக்கத்தில் துரை, கிளாக்கர். கிராம சேவகர் தமிழில் கேட்டார்: "பெரியவர், இந்த அம்மாட அப்பா பேர் என்ன?"

பூசாரி சந்தோஷமாகச் சொன்னார்: "கருப்பையாங்க. தங்கமான மனுசன்."

கிளாக்கர் பேனாவை எடுத்துவிட்டார். அத்தை பூசாரியின் முகத்துக்கு நேரே குனிந்து, "யோவ் பூசாரி! ஆத்தாகிட்ட என்ன பேருய்யா சொன்ன?" என்று கத்தினார்.

"ஆத்தாகிட்டயா? அது வேறல்ல."

"அந்த வேறயத்தான் கேக்குறாங்க. சொல்லு."

"இங்கன எப்புடி வரும்? ஆத்தா இல்ல, கற்பூரம் இல்ல. சும்மா கேட்டா வருமா?"

துரை சிரிப்பை அடக்கினார். வரிசையில் நின்ற ஒரு பெண் வகுப்பறைக்குள் ஓடி, சுவரில் மாட்டியிருந்த சரஸ்வதி படத்தையும் அதற்குக் கீழே இருந்த கற்பூரத்தையும் கொண்டுவந்தாள். பூசாரி படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "கொஞ்சம் படிச்ச ஆத்தா. பரவால்ல" என்றார். துரையின் தேநீர்க் கோப்பையை எடுத்துவிட்டு அதன் தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். பூசாரி தட்டைக் கையில் வாங்கியதும் முதுகு நிமிர்ந்தது. நேரே சின்னமுத்துவுக்கு வருவார் என்று பார்த்தேன். அவருக்கு அது முடியாது. மேல் லயம், முதல் காம்பிராவில் தொடங்கினால்தான் அவருக்குப் பெயர்கள் வரும். அந்த ராகத்திலேயே தொடங்கினார். பெருமாள், இன்ன நட்சத்திரம், குடும்பத்தோடு. வீராயி, இன்ன நட்சத்திரம், குடும்பத்தோடு. செத்துப்போனவர்கள், இந்தியாவுக்குக் கப்பலேறியவர்கள், வேறு தோட்டம் போனவர்கள் எல்லாரும் அவரவர் காம்பிராவில் அப்படியே குடியிருந்தார்கள். நடுவில் சிலரை விட்டுவிட்டுத் திரும்பப் போய் அழைத்து வந்தார். எப்போதோ கோயிலுக்குத் தேங்காய் கொடுத்த வெள்ளைக்காரத் துரை ஒருவரும் வந்தார், "நட்சத்திரம் தெரியாது" என்ற குறிப்போடு. அதற்கு மட்டும் சிரித்தார்கள். மற்றபடி மண்டபத்தில் சத்தம் நின்றுபோயிருந்தது. தங்கள் காம்பிரா வரும்போது வரிசையில் நின்றவர்கள் கைகூப்பினார்கள். "எங்கப்பாடி" என்று ஒரு கிழவி பக்கத்திலிருந்தவளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். கிராம சேவகர் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார். துரையும் எழுந்தார்.

கீழ் லயம், கடைசிக் காம்பிரா. "சின்னமுத்து, அசுவினி நட்சத்திரம், குடும்பத்தோட" என்றார் பூசாரி. கற்பூரம் அணையும் நிலையில் இருந்தது. அத்தை அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கிளாக்கர் மட்டும் மெதுவாக, "முதல்ல கருப்பையான்னு சொன்னாரே" என்றார். கிராம சேவகர் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "அதாலதான் நம்புறேன். சொல்லிக்குடுத்துக் கூட்டிவந்த ஆள் என்றால் முதல்லயே சரியாச் சொல்லியிருப்பார்" என்றார். எழுதினார், ஒப்பமிட்டார். துரையும் ஒப்பமிட்டார், கடிதமும் கொடுத்தார். அத்தை பெருவிரலை வைத்த அழுத்தத்தில் மேசை ஆடியது.

அட்டை வந்ததும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கீழ் லயத்துச் சனம் வாசலில் கூடியது. "வாசி" என்றார் அத்தை. சின்னமுத்து என்று தொடங்கி அவருடைய பெயர்வரை வாசித்தேன். "கேக்கல" என்றார். இன்னொரு முறை உரக்க வாசித்தேன். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும் என்பது எனக்குத் தெரியும். மூன்றாம் முறை வாசற்படியில் ஏறி நின்று, எதிர் மலைக்கும் கேட்கும்படி கத்தினேன். தாத்தா வாழ்ந்து முடித்த அந்த வாசலில் அவருடைய பெயரை ஒருவர் உரக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. என் கண் கலங்கிவிட்டது. இலக்கியக்காரனுக்கு அந்த நேரத்தில் சும்மா இருக்கத் தெரியாதே. "அத்தை, இரவல் பேரத் திருப்பிக் குடுத்துட்டீங்க. கருப்பையா எங்க இருந்தாலும் இன்னைக்கு அவரு மனசு குளிர்ந்திருக்கும்" என்றேன்.

அத்தை அட்டையை வாங்கி, பக்கத்துக் காம்பிராக்காரரின் கண்ணாடியைக் கேட்டுப் போட்டுக்கொண்டு, தூரத்தில் வைத்தும் கிட்டத்தில் வைத்தும் அதிலிருந்த தன் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"பேரெல்லாம் சரிதாண்டா மருமகனே. இந்த மூஞ்சி யாருது? இதுதான் அந்தக் கருப்பையாவா?"